நாலு தட்டுக்குப் பிறகு

மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று, தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று, நூல் சுற்றி இழுத்தும் பார்த்தாயிற்று. இருசப்பனின் வலது கை நடுவிரலில் அந்த மண்டை ஓட்டு மோதிரம் இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முருகவேல் ஈரத் தரையில் முட்டி போட்டு, பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணனின் கையைப் பிடித்து இன்னொரு முறை முறுக்கினான். உயிரோடு இருந்தபோதும் இவன் சொன்ன எதற்கும் அசைந்தவன் இல்லை அந்த மனுஷன்.

"உட்டுடு வேலு. வெரலு கிழிஞ்சிடப் போவுது," என்றார் ராமன் மாமா. தாய்மாமன். சாவு வீட்டில் எதை எப்போது செய்வது என்று எல்லோரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள்.

"மண்ட ஓட்டோட எப்பிடி மாமா அனுப்பறது? நாலு பேரு பாக்க மாட்டாங்க?"

"நாலு பேரு பாக்கறதுக்குத்தான்டா அதப் போட்டுக்கினு திரிஞ்சான் உங்கண்ணன்."

பின்கட்டில் மறைப்புக்காகக் கட்டியிருந்த புடவைக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்தச் சினிமாப் பெண், இனியா. கையில் கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முருகவேல் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா எங்கே இருக்கிறது என்பது நேற்று சாயங்காலத்திலிருந்து அவனுக்குத் திரும்பாமலே தெரிந்துகொண்டிருந்தது.

புடவையை விலக்கிக்கொண்டு ஜீஷான் தலையை நீட்டினான். கையில் மடித்த கறுப்பு டீ ஷர்ட். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'கொப்பரை' என்று எழுதி, எழுத்துகளின் நுனியில் தீ எரியும்.

"வேலண்ணா, இதப் போட்டு உட்டா இருசண்ணனுக்கு..."

"வேட்டி சட்டதான்."

"இல்லண்ணா, அடுத்த மாசம் பெங்களூருல போட்டுக்கறதுக்குன்னே புதுசா..."

"வேட்டி சட்டன்னு சொன்னேன் இல்ல? காது கேக்கலியா? இங்க செத்துக் கெடக்கறது என் அண்ணன். உங்க பாட்டுக்காரன் இல்ல."

ஜீஷான் டீ ஷர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான். அவன் நடுவிரலிலும் அதே மாதிரி ஒரு மண்டை ஓடு இருந்தது. முருகவேலின் கண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அங்கேதான் போய் நின்றது. ஒரு காலத்தில் அது முருகவேலின் மோதிரம்.

வேட்டி கிடைத்தது. சட்டைதான் இல்லை. ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டை இரண்டு, மீதியெல்லாம் கறுப்பு. ஐம்பத்தைந்து வயது ஆளின் பீரோவில் நல்லது கெட்டதுக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை கிடையாது. முருகவேல் மனைவி வினோதினிக்குப் போன் போட்டு, தன் சட்டை எதையாவது எடுத்துவரச் சொன்னான். கால் மணி நேரத்தில் அவள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்ததும் அவனுக்குத் திக்கென்றது.

"இதயா எடுத்தாந்த?"

"கைக்குக் கெடச்சது இதான். நாலு மாசமா கதவுக்குப் பின்னாடி தொங்கிக்கினே இருக்குது. போடவும் மாட்டேங்கற, உள்ள வைக்கவும் மாட்டேங்கற. இப்ப இன்னா, வேற வேணுமா?"

அவன் வாங்கிக்கொண்டான். இஸ்திரிப் பெட்டி போட்ட மடிப்பு கலையாத முழுக்கைச் சட்டை. அண்ணனின் விறைத்த கையை அதற்குள் நுழைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கைப்பட்டி சரியாக மணிக்கட்டில் முடிய, அதற்குக் கீழே மண்டை ஓடு பளபளத்தது.

அந்தச் சட்டை கேமராவுக்காக வாங்கியது.

இனியா சென்னையிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அடி அண்ணாமலையில் மூடிக் கிடக்கும் பழைய கோழிப் பண்ணைக் கொட்டகைக்குள், தலை நரைத்த நாலு பேர் ஹெவி மெட்டல் வாசிக்கிற வீடியோ. முப்பது வருஷமாக ஊரில் ஒருவனும் திரும்பிப் பார்க்காத கூட்டம், இன்னும் ஒருநாள் பெரிய மேடை ஏறுவோம் என்று சனிக்கிழமை தவறாமல் ஒத்திகை பார்க்கிறது என்றால் அது டாக்குமெண்டரி ஆகாமல் என்ன செய்யும்? இருசப்பன் ஆட்டோ ஓட்டுவதை எடுத்தாள். அவன் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டதை எடுத்தாள். ஆசிரமத்துப் பக்கம் டீக்கடை மாஸ்டரைப் பேட்டி எடுத்தாள். இருசப்பனின் ஆட்டோவில் ஒரே ஒரு தடவை ஏறிய ஸ்பெயின் தேசத்துக் கிழவியைக்கூட எடுத்தாள். கூடப் பிறந்த தம்பியிடம் மட்டும் வரவில்லை.

இன்று வருவாள், நாளைக்கு வருவாள் என்று முருகவேல் அந்தச் சட்டையைப் பெட்டி போட்டு மாட்டி வைத்திருந்தான். என்ன பேசுவது என்பதைக்கூட மின்வாரிய ஜீப்பில் போகும்போது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பான். அப்புறம் ஒருநாள் அண்ணி தங்கம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: அந்தப் பெண் கேட்டாளாம், இருசப்பன்தான் தடுத்துவிட்டானாம். "என் தம்பிகிட்ட மட்டும் போவாதம்மா," என்றானாம். ஏன் என்று அவளும் கேட்டாளாம். சொல்லவில்லையாம்.

அந்த முள்ளை அவன் இரண்டு மாதமாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தான்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துத் தன்னை ஏமாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரியாது. தொண்ணூற்று மூன்றில், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது இருசப்பனிடம் ஒரு பெட்டி கேசட்டும் ஒரு கிட்டாரும் விட்டுப்போனார். அந்தக் கேசட்டுகளை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் கேட்டார்கள். டிரம்ஸுக்கு கலீல் ரஹ்மான் வந்தார். டூவீலர் சீட் கவர் தைக்கிறவர். கிட்டாருக்கு சுரேஷ்குமார். பேஸ் கிட்டார் முருகவேல். மலை உச்சியில் தீபம் ஏற்றும் கொப்பரையைவிடப் பெரிய மெட்டல் இந்த ஊரில் எது என்று கேட்டு, இருசப்பன்தான் பெயர் வைத்தான். முதல் நோட்டீஸைப் பார்த்துவிட்டுத் தேங்காய் மண்டியா என்று விசாரித்தவர்கள் உண்டு.

இருசப்பனுக்கு உறுமத் தெரியும், அலறத் தெரியும், பாட்டைத் தொடங்க மட்டும் சுருதி பிடிபடாது. அதனால் ஒரு ஏற்பாடு. கலீல் குச்சியால் நாலு தட்டு தட்டுவார். உடனே முருகவேல் தடித்த கம்பியில் ஒரே ஒரு நோட்டை நீளமாக விடுவான். இருசப்பன் ஓரக்கண்ணால் தம்பியைப் பார்ப்பான். பார்த்துவிட்டு அந்த நோட்டின் மேல் ஏறிக்கொள்வான். எந்தப் பாட்டாக இருந்தாலும் அப்படித்தான் ஆரம்பம். அந்த ஓரக்கண் பார்வைக்காக முருகவேல் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பான்.

தொண்ணூற்று ஒன்பதில் அப்பா வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். மின்வாரியத்தில் வாரிசு வேலை ஒன்று. பிள்ளைகள் இரண்டு. "நீ போடா. என்னால கம்பம் ஏற முடியாது," என்றான் இருசப்பன். முருகவேல் போனான். சனி, ஞாயிறு வாசிக்க வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனான். ஆனால் சனிக்கிழமைதான் ஊரில் எங்கேயாவது லைன் அறுகிறது. ஒரே மாதத்தில் இருசப்பன் வீட்டு வாசலில் வந்து நின்று, "மோதிரத்தக் குடுடா, ஜீஷான் வரான்," என்றான். ஜீஷான், கலீலின் தம்பி. அண்ணன் தம்பி சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று கடவுள் எழுதி வைத்திருந்தாலாவது பரவாயில்லை. அங்கேயும் அண்ணன் தம்பிதான், இவன்தான் அதில் இல்லை.

வேலை இவனுக்கு, வாழ்க்கை அவனுக்கு என்று பங்கு பிரிந்துபோயிற்று. முருகவேலுக்கு வீடு இருந்தது, பி.எப். இருந்தது, முட்டி வலி இருந்தது. குழந்தை குட்டி இல்லாமல், லைசென்ஸ் புதுப்பிக்கவே நினைவில்லாமல் திரிந்த அண்ணனைப் பார்த்துத் தான் ஏன் வயிறு எரிகிறோம் என்று அவனுக்கே சில சமயம் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவான். 'அருணை ரசிகன்' என்ற பொய்ப் பெயரில் ஒரு கணக்கு வைத்திருந்தான். கொப்பரையின் ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் ஒரே வரி எழுதுவான்: 'தொடக்கத்தில் பேஸ் அரை தட்டு லேட்.' உண்மையில் அது லேட்டா என்று கேட்டால், சில பாட்டில் லேட், சில பாட்டில் இல்லை. எழுதிய மறுநாள் அதன் மேல் கொப்பரையின் கணக்கிலிருந்து ஒரு சிவப்பு இதயம் ஒட்டியிருக்கும். யாரோ இளிச்சவாயன் பார்க்காமல் அமுக்குகிறான் என்று நினைத்துக்கொள்வான்.

இத்தனைக்கும் பிறகு, பெங்களூருவில் ஏதோ ஒரு விழாவில் காலை பதினோரு மணிக்கு இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். முப்பது வருஷத்தில் முதல் பெரிய மேடை. அதற்கான ஒத்திகையில்தான் நேற்று நாலு மணிக்கு அது நடந்தது. கலீல் நாலு தட்டு தட்டினார், ஜீஷான் பேஸ் எடுத்தான், இருசப்பன் மைக்கைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் முருகவேல் ஒரு டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். போன் ஜீப்பில் கிடந்தது.

அண்ணன் உயிர் போனதைக்கூட அந்தக் கேமரா பார்த்திருக்கிறது. இவன் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து பந்தலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினார். பௌர்ணமி. மூன்று மணிக்கெல்லாம் கிரிவலக் கூட்டம் செங்கம் ரோட்டை அடைத்துவிடும். இப்போதே பாதி ரோடு போய்விட்டது.

"ரெண்டு மணிக்குள்ள எடுத்துடுங்க சார். மேளம் வேணாம், வெடி வேணாம். கூட்டத்துல யாராவது மெரண்டா எங்க தலதான் உருளும்."

ராமன் மாமா முனகிக்கொண்டே மேளக்காரர்களுக்குப் போன் போடப் போனார். அந்த நேரம் பார்த்து கலீல் ரஹ்மான் முருகவேலின் பக்கத்தில் வந்து நின்றார். விடிந்ததிலிருந்து பந்தலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். பேண்டின் பின்பாக்கெட்டில் இரண்டு குச்சிகள் துருத்திக்கொண்டிருந்தன. அவை இல்லாமல் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"வேலு, மேளமும் இல்லன்னு ஆயிடுச்சு. இருசு ஒண்ணு சொல்லிக்கீறான். நீ ஒரு வாட்டி பாத்துடு. அப்புறம் உன் இஷ்டம்."

இனியா போனை நீட்டினாள். சின்னத் திரையில் இருசப்பன் ஆட்டோவின் முன்சீட்டில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிய பல்லின் இடம் இருட்டாகத் தெரிந்தது.

"நான் செத்தனா, இந்த ஒப்பாரி கிப்பாரி எல்லாம் வேணாம். கலீலு நாலு தட்டு தட்டணும். பேஸ் ஒரு நோட்டு குடுக்கணும். அதுக்கும் நான் எந்திரிக்கலன்னா, அப்ப நம்பிக்கிங்க, ஆளு காலின்னு."

தங்கம்மாள் உள்ளேயிருந்து அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எழுந்து வாசல்வரை ஓடிவந்தாள். போனைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பேஸ் ஒரு நோட்டு குடுக்கணும்," என்றான் முருகவேல். "குடுக்கத்தான் உன் தம்பி கீறானே, பாய். இருவத்தஞ்சு வருஷமா குடுத்துக்கினு கீறான் இல்ல? வீட்டுல வெச்சிக் குடுங்க, கொட்டாயில வெச்சிக் குடுங்க. என் அண்ணன் சாவு உங்க கச்சேரி இல்ல. கொள்ளி வெக்கப் போறவன் நான். நான் சொல்றேன், வேணாம்."

"சரி வேலு."

"ஒரு சத்தம் வரக் கூடாது."

"சரின்னுட்டேன் இல்ல?" கலீல் போய் மறுபடியும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சண்டைக்கு வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று முருகவேலுக்குத் தோன்றியது. இனியா போனை வாங்கிக்கொண்டு நகரப் போனாள். அவன் கூப்பிட்டான்.

"ஏம்மா, எவ்ளோ நேரம் எடுத்துக்கீற மொத்தமா?"

"நூத்தி முப்பது மணி நேரம் இருக்கும்ணா."

"அதுல..." அவன் பந்தல் காலில் ஒட்டியிருந்த அஞ்சலி போஸ்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லிக்கீறானா?"

அவள் யோசித்தாள். நல்ல பெண். உதட்டைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். "ஒரு இடத்துல சொல்வாருண்ணா. 'தம்பி ஈ.பி.ல இருக்கான்'னு."

"அவ்ளோதானா?"

"மறுபடி எல்லாத்தையும் பாக்கணும்ணா. நான் மறந்திருப்பேன்."

நூற்று முப்பது மணி நேரத்தில் ஒரு வரி. முருகவேல் தலையை ஆட்டிவிட்டு, பாடைக்கு மூங்கில் கட்டுகிறவர்களிடம் போய், முடிச்சு சரியில்லை என்று காரணமில்லாமல் கத்தினான்.

ஒன்றரைக்கு எடுத்தார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். தங்கம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இனியாவும் அங்கே நிற்க வேண்டியவள்தான். ராமன் மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு எதுக்கு? நில்லும்மா."

"அவங்க வரட்டும் மாமா," என்றான் முருகவேல்.

"வேலு, முற தெரியாதா உனக்கு?"

"வரட்டும்னு சொல்றேன் இல்ல?"

மாமா அவனை ஒரு மாதிரி பார்த்தார். டீ ஷர்ட் கூடாது, தட்டக் கூடாது, ஒரு சத்தம் கூடாது என்றவன், கேமரா மட்டும் வரட்டும் என்கிறான். முருகவேலுக்குக் காது சூடாயிற்று. ஆனால் அவனுக்கு அது வேண்டியிருந்தது. பாட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். உயிர் போனதையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கொள்ளி வைப்பதை ஜீஷானோ கலீலோ செய்ய முடியாது. படத்தின் கடைசியில் தீயோடு நிற்கப்போகிறவன் அவன். அதை வெட்டி எறிய எந்தக் கொம்பனாலும் முடியாது.

செங்கம் ரோட்டில் திரும்பியதும் கூட்டம் வந்து அப்பிக்கொண்டது. வெறுங்காலோடு, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில் என்று ஆயிரக்கணக்கில் ஜனம் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தது. கிரிவலப் பாதையில், எமலிங்கம் கோயிலுக்குப் பக்கத்தில்தான் சுடுகாடு. எல்லோருக்கும் ஒரே வழி. பாடையைப் பார்த்து ஒதுங்கியவர்களும் ஒதுங்க இடமில்லாமல் கூடவே நடந்தார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கிருந்தோ 'அண்ணாமலைக்கு அரோகரா' என்று ஒரு குரல் கிளம்ப, அது பின்னாலிருந்து அலையாக வந்து பாடையைத் தாண்டி முன்னால் போயிற்று. நாலைந்து பேர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

கொள்ளிச் சட்டியோடு முன்னால் போன முருகவேலுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. முப்பது வருஷம் கூட்டம் கூட்டம் என்று அலைந்தானே, இந்தா, வந்துவிட்டது. செத்தும் மேடை அவனுக்குத்தான். இவன் ரிட்டயர் ஆகும்போது ஆபீசில் பதினைந்து பேர் நின்று ஒரு சால்வை போடுவார்கள். சட்டியின் புகை கண்ணில் ஏறியது. துடைக்கக் கை இல்லை.

சுடுகாட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் ரோட்டின் சத்தம் பாதியாகக் குறைந்தது. விறகு அடுக்கித் தயாராக இருந்தது. அங்கே வேலை பார்க்கும் மணி, "சீக்கிரம் சார், இன்னொன்னு வருது," என்றான். வாய்க்கரிசி போட்டார்கள். கிட்டார் சுரேஷ்குமார் போடும்போது உடைந்துபோய் அழுதார். கலீல் அழவில்லை. அரிசியை வைத்துவிட்டு, இருசப்பனின் சட்டைக் காலரை ஒரு பக்கம் சரிசெய்துவிட்டு நகர்ந்தார்.

மணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி முருகவேலின் தோளில் வைத்தான். மூன்று சுற்று. சுற்றுக்கு ஒரு ஓட்டை. இனியா எதிரே சிமெண்டு மேடை மேல் ஏறி நிற்பது தெரிந்தது. முருகவேல் முதுகை நிமிர்த்தினான். நிமிர்த்தியதை அவனே கவனித்து வெட்கப்பட்டான், ஆனாலும் குனியவில்லை. காலை எடுத்து வைத்தான்.

டக். டக். டக். டக்.

கலீல். பாக்கெட்டிலிருந்து குச்சிகள் கைக்கு வந்திருந்தன. சத்தமாகக்கூட இல்லை. குச்சியோடு குச்சி, நாலு முறை. ராமன் மாமா வெடுக்கென்று திரும்பினார். முருகவேலும் திரும்பினான். கத்தத்தான் திரும்பினான்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஜீஷான் வெறுங்கையோடு நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். ஒரு சத்தம் வரக் கூடாது என்று இவன்தானே சொன்னான். விறகின் மேல், இவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, உதட்டில் இரண்டு அரிசி ஒட்டியபடி இருசப்பன் கிடந்தான். தலை கொஞ்சம் இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாலு தட்டுக்குப் பிறகு அண்ணன் எதற்குக் காத்திருப்பான் என்று இந்த உலகத்தில் முருகவேலுக்குத்தான் முதலில் தெரிந்தது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

நெஞ்சுக்குள்ளிருந்து அது தானாகக் கிளம்பியது. தடித்த கம்பியின் நோட்டு. இருபத்தைந்து வருஷத்தில் துரும்பளவும் நகராமல் அதே இடத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டே, "ம்ம்ம்" என்று, தோளில் குடத்தோடு அவன் சுற்றத் தொடங்கினான். மணி ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, அரிவாள் நுனியால் முதல் ஓட்டையைப் போட்டான். தண்ணீர் பீய்ச்சி முதுகில் வழிந்தது. கலீலின் குச்சி மெதுவாகத் தொடர்ந்தது. இரண்டாவது சுற்றில் மூச்சு முட்டியது. அந்த இடத்தில் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் அதே நோட்டைப் பிடித்துக்கொண்டது. ஜீஷான். முருகவேல் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்தான். அவன் விட்டபோது இவன், இவன் விட்டபோது அவன். ராமன் மாமா வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது சுற்றும் முடிந்தது.

இருசப்பன் எழுந்திருக்கவில்லை.

மணி அவனைப் பிடித்துத் திருப்பி, பிணத்துக்கு முதுகு காட்டி நிற்க வைத்தான். முருகவேல் குடத்தைப் பின்னால் போட்டான். உடைந்தது. கொள்ளியை வாங்கி, பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினான். பற்றிக்கொண்டதென்று மணி சொன்னான். "திரும்பாம போய்க்கினே இருங்க சார்."

பத்தடி போன பிறகுதான் முருகவேலுக்கு உறைத்தது. கேமரா எங்கே இருந்தது? மூன்று சுற்றும் அது எங்கே இருந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து முதல்முறையாகத் தெரியவில்லை.

"அண்ணா! அண்ணா, ஒரு நிமிஷம்ணா!"

பின்னால் இனியா ஓடிவரும் சத்தம். மூச்சு வாங்கியது. அழுதிருக்கிறாள்.

"சாரிண்ணா... ரோட்லயே பேட்டரி போயிடுச்சு. வேற போட்டுட்டு இருந்தேன். எல்லாம் மிஸ் ஆயிடுச்சு. அந்த ஒரு நோட்டு மட்டும்... இன்னொரு வாட்டி... இங்கயே, இப்டி திரும்பி நின்னு..."

பேச்சு பாதியில் அறுந்தது. என்ன கேட்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். நாலு மாதம் இந்தக் குரல் தன்னைக் கூப்பிடுமா என்று சட்டையை மாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவன் முருகவேல். கூப்பிட்டுவிட்டது. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நல்லவேளை, அப்படி ஒரு முறை இருந்தது.

அவன் நடந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயடியில்தான் நின்றான். ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டது. கலீல் ரஹ்மான் வந்து பக்கத்தில் நின்றார். குச்சிகள் பின்பாக்கெட்டுக்குத் திரும்பியிருந்தன.

"அர தட்டு லேட்டு," என்றார் கலீல். "ரசிகரே."

முருகவேல் அவரைப் பார்த்தான். கிழவர் அவனைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் விறகு பட்டென்று வெடித்தது.

"அண்ணனுக்கும் தெரியுமா, பாய்?"

கலீல் குனிந்து குழாயைத் திறந்துவிட்டார்.

"கால நல்லாக் கழுவு," என்றார்.